கிணற்றடி வல்லாரையும் வடக்கத்திய ஏஞ்சலிக்காவும்: யாழ்ப்பாண வீட்டு மூலிகைத் தோட்டம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்லூர்த் திருவிழாவுக்கு ஒஸ்லோவில் இருந்து வந்த என் மச்சாள், கடித உறை ஒன்றில் கொஞ்சம் விதை கொண்டுவந்து என் கையில் வைத்தாள். தட்டையான, வைக்கோல் நிற விதைகள். பெருஞ்சீரகத்தை நசுக்கிப் பரப்பியது போல இருந்தன. ஏஞ்சலிக்கா என்றாள்; வட ஐரோப்பாவின் குளிர் நாட்டு மூலிகை. அந்த விதையோடு நான் பட்ட பாட்டையும், அதன் பிறகு கிணற்றடி வல்லாரைக்குத் திரும்பி வந்ததையும் தெரிந்தவர்களிடம் சொன்ன நாள் முதல் கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஏஞ்சலிக்கா யாழ்ப்பாணத்தில் வளருமா?

முளைக்கும், நிலைக்காது. மச்சாள் தந்தது முந்திய வருடத்து விதை. ஈர மணலில் கலந்து, போத்தலில் அடைத்து, குளிர்சாதனப் பெட்டியில் ஆறு கிழமை வைத்தேன். ஐப்பசி மழை தொடங்கியதும் சாடியில் தூவினேன். கார்த்திகை முடிவில் நான்கு நாற்றுகள் எழுந்தன. தை மாதத்தில் அவற்றைப் பார்க்க ஆசையாக இருந்தது: பல் வெட்டிய இலை, தண்டின் அடியில் மெல்லிய ஊதா நிறம், கிள்ளி முகர்ந்தால் கொத்தமல்லிக்கும் தேசிக்காய்த் தோலுக்கும் நடுவே ஒரு வாசம். மாசியில் வளர்ச்சி நின்றது. பங்குனி வெயிலில் இலை விளிம்பு பழுப்பாகிச் சுருண்டது. நிழலில் வைத்தேன், இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினேன். சித்திரை வருடப்பிறப்புக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நான் ஏதோ தவறு செய்ததால் அவை சாகவில்லை. ஸ்கண்டிநேவியா, ஐஸ்லாந்து, கிறீன்லாந்து என்று குளிர் நாட்டு ஆற்றங்கரைகளில் வளர்ந்த செடி அது. மாரிகாலத்தில் மேற்பகுதி மடிந்து, வேர் மண்ணுக்குள் உறங்கி, வசந்தத்தில் எழுவதே அதன் வாழ்க்கை. எங்கள் ஊரில் தை மாதத்து விடியற்காலைகூட 20 பாகையைச் சுற்றித்தான் நிற்கும். அந்த வேருக்கு இங்கே உறக்கமே கிடையாது.

அங்கே அதற்கு ஏன் அவ்வளவு மதிப்பு?

மரக்கறி விளைவது அரிதான நாட்டில், பனி கரைந்த உடனேயே தழைத்து எழும் பச்சை அது. நோர்வேயில் அதற்கு க்வான் என்று பெயர். மத்திய காலத்தில் மேற்கு நோர்வேயின் சட்டத்திலேயே க்வான் தோட்டத்தைப் பாதுகாக்கும் விதி இருந்தது. வட ஸ்கண்டிநேவியாவில் வாழும் சாமி (Sámi) எனும் பழங்குடியினர் இளந்தண்டைத் தோலுரித்து உண்பார்கள். பிரான்சில் அதே தண்டைச் சீனிப்பாகில் ஊறவைத்துக் காயவைத்து, பச்சை நிறம் மாறாமல் கேக்கின் மேல் பதிப்பார்கள். வேரும் விதையும் ஜின் போன்ற மதுவகைகளுக்கு வாசம் சேர்க்கின்றன. கொள்ளைநோய்க்கு மருந்தாக இந்தச் செடியைத் தேவதூதர் ஒருவர் கனவில் காட்டினார் என்பது ஐரோப்பியப் பழங்கதை. பெயரும் அதிலிருந்து வந்ததாகவே சொல்வார்கள்.

இந்தக் கதைகளைக் கேட்டபோது எனக்கு எங்கள் பனைதான் நினைவுக்கு வந்தது. எந்த ஊராக இருந்தாலும், வறண்ட காலத்தில் கைவிடாத ஒரு பயிரை அந்த மக்கள் சாமிக்கு அடுத்த இடத்தில் வைத்துவிடுகிறார்கள்.

நாங்கள் நோர்வேயில் இருக்கிறோம். வீட்டில் எப்படி வளர்ப்பது?

நீங்கள் கொடுத்துவைத்தவர்கள், அது உங்கள் மண்ணின் செடி. விதை புதியதாக இருக்க வேண்டும் என்பதுதான் முதல் விதி. ஏஞ்சலிக்கா விதையின் முளைக்கும் திறன் வேகமாகக் குறையும். ஒரு வருடம் கடந்த விதையை நம்ப முடியாது. கோடை முடிவில் விதை பழுத்ததும் நேரடியாக மண்ணில் தூவிவிடுங்கள். மூடவேண்டாம், மெல்ல அழுத்தினால் போதும். முளைக்க வெளிச்சம் வேண்டும். மாரிக்குளிர் மற்ற வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

அரை நிழல், ஆழமான வளமான மண், காயாத ஈரம் ஆகிய மூன்றும் தேவை. ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் சிறு நாற்றாக இருக்கும்போதே இடம் மாற்றிவிடுங்கள். முதல் வருடம் இலை மட்டும் வரும். இரண்டாவது அல்லது மூன்றாவது வருடத்தில் ஆளுயரத்துக்கு மேல் தண்டு எழுந்து, பந்து பந்தாகப் பச்சை வெள்ளைப் பூ பூக்கும். விதை முற்றியதும் செடி இறந்துவிடும். பூந்தண்டைத் தொடக்கத்திலேயே வெட்டினால் இன்னும் ஒன்றிரண்டு வருடம் தாங்கும்.

இரண்டு எச்சரிக்கைகளைக் கவனமாகக் கேளுங்கள். இதன் சாறு தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் கொப்புளம் எழும். கையுறை போட்டுக்கொண்டு, முகில் மூடிய நாளில் வெட்டுங்கள். அடுத்தது இதைவிடப் பெரிது. காட்டிலும் ஆற்றோரத்திலும் கண்டதைப் பிடுங்கி உண்ண வேண்டாம். சோக்கிரதருக்குக் கொடுத்த ஹெம்லொக் நஞ்சும் இதே குடும்பத்துச் செடிதான். வெள்ளைக் குடைப்பூவும் பொள்ளல் தண்டும் அதற்கும் உண்டு.

விதையை இலங்கைக்குக் கொண்டுவரலாமா?

அனுமதி இல்லாமல் கொண்டுவரக் கூடாது. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இதைக் கட்டுப்படுத்துகிறது. என் மச்சாளுக்கும் எனக்கும் அன்று அது தெரியாது; தெரிந்திருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன். ஒரு விதையோடு வரும் பூஞ்சணமோ பூச்சியோ ஒரு ஊரின் தோட்டத்தையே அழிக்கக்கூடும். அன்போடு கொண்டுவருவது என்பதால் அந்த ஆபத்து குறைந்துவிடாது.

அப்படியானால் ஏஞ்சலிக்காவுக்குப் பதிலாக இங்கே எதை நடலாம்?

அதன் ஒன்றுவிட்ட சகோதரி ஏற்கனவே எங்கள் ஊரில் இருக்கிறாள்: வல்லாரை.

கொத்தமல்லி, சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், ஓமம், சதகுப்பை, கரட் எல்லாம் ஏஞ்சலிக்காவின் குடும்பம். எங்கள் கறித்தூள் போத்தலைத் திறந்தால் அந்தக் குடும்பத்தில் பாதி அதற்குள் இருக்கும். குடை விரித்தது போலப் பூப்பது இவற்றின் அடையாளம். தரையோடு தரையாக ஓடும் வல்லாரையும் இந்தக் குடும்பம் என்றால் பலர் நம்புவதில்லை. இலைகளை விலக்கி அடியில் பாருங்கள். மண்ணைத் தொடுமளவில், மூன்று நான்கு சேர்ந்த, குண்டூசித் தலை அளவுப் பூக்கள் இளஞ்சிவப்பாகத் தெரியும். குடை அவ்வளவு சுருங்கிவிட்டது.

வாசமும் உருவமும் வேறு. ஆனால் அரை நிழலும் காயாத ஈரமும் கேட்பதில் இருவரும் ஒன்றே. வளர்ப்பில், குளிரைக் கேட்காததுதான் வல்லாரையில் உள்ள பெரிய வித்தியாசம்; எங்களுக்கு அதுதானே வேண்டும்.

வல்லாரையை வளவில் எங்கே வைப்பது?

கிணற்றடியில். இந்தப் பக்கத்தில் நான் எழுத விரும்பியதில் முக்கியமானது இதுதான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடுகிறது. மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு ஒன்பது மாதம் சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய அந்த நீரைத்தான் இறைத்துக் குடிக்கிறோம். இப்படிப்பட்ட ஊரில் ஈரம் கேட்கும் கீரை எப்படித் தலைமுறை தலைமுறையாக இருந்தது?

என் அம்மம்மா வீட்டுக் கிணற்றடியைச் சொன்னால் விளங்கும். துலாவால் அள்ளிய தண்ணீர் குளிக்கும் கல்லில் விழும். கல்லில் இருந்து சிறு வாய்க்கால் வழியாகக் கமுகுக்கும் வாழைக்கும் போகும். அந்த வாய்க்காலின் இரு கரையிலும், வாழையின் நிழலில், வல்லாரை பாய் விரித்தது போலக் கிடந்தது. யாரும் அதை நட்டதாகவோ அதற்கென்று ஒரு செம்பு தண்ணீர் ஊற்றியதாகவோ எனக்கு நினைவில்லை. வீட்டில் எட்டுப் பேர் குளித்தார்கள். வல்லாரை அதைக் குடித்தது.

பிறகு மோட்டர் வந்தது, கூரையில் தாங்கி வந்தது, வீட்டுக்குள் குளியலறை வந்தது. குளித்த தண்ணீர் குழாய் வழியே நேராக மண்ணுக்குள் இருக்கும் குழிக்குப் போகிறது. கிணற்றடி காய்ந்தது, சீமெந்தும் போட்டோம். வளவில் வல்லாரை அற்றுப்போனதற்கு நோயும் பூச்சியும் காரணம் என்று சிலர் நினைக்கிறார்கள். நாங்கள் அதன் தண்ணீரை எடுத்துவிட்டோம் என்பதே என் முடிவு.

ஆகவே இடம் தேடும்போது, வளவில் எங்கே தண்ணீர் ஏற்கனவே சிந்துகிறது என்று பாருங்கள். முற்றத்துக் குழாயடி, அரிசி கழுவி ஊற்றும் மூலை, தாங்கி வழிந்து விழும் இடம், குளிரூட்டியில் இருந்து நீர் சொட்டும் சுவரோரம். அங்கே காலை வெயில் மட்டும் விழுந்து, பதினொரு மணிக்குப் பிறகு நிழல் வந்தால் அதுவே வல்லாரையின் இடம். முழு வெயிலில் இலை சிறுத்துத் தடித்துக் கைக்கும். முழு நிழலில் காம்பு நீண்டு இலை மெலிந்துபோகும்.

சவர்க்காரத் தண்ணீர் போகும் இடத்தில் வைக்கலாமா?

வேண்டாம். அந்தக் காலத்தில் குளிக்கச் சீயாக்காயும் அரப்பும் பயன்பட்டன. இன்றைய சலவைத்தூள் நீர் மண்ணை இறுக்கும். பச்சையாக உண்ணும் இலையில் அது படுவதும் நல்லதல்ல. அரிசி, மரக்கறி கழுவிய நீர் தாராளமாகப் போகட்டும்.

நாற்று எங்கே கிடைக்கும்?

விதையை மறந்துவிடுங்கள், கொடி போதும். திருநெல்வேலி, சுன்னாகம் சந்தைகளில் வல்லாரைக் கட்டு வாங்கும்போது, வேரோடு பிடுங்கிய கொடிகள் அதற்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கணுவில் இருந்து வெள்ளை வேர் தொங்கும் துண்டுகளைத் தெரிந்து, பெரிய இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு கோப்பைத் தண்ணீரில் ஓர் இரவு வையுங்கள். மறுநாள் பின்னேரம் நடலாம். ஒரு கட்டில் ஏழெட்டுத் துண்டு தேறினாலே ஒரு பாத்தி தொடங்கிவிடலாம். உறவினர் வளவில் இருந்து மண்ணோடு தோண்டி எடுத்துவந்தால் இன்னும் விரைவாகப் பிடிக்கும்.

இது வல்லாரைதானா என்று எப்படி உறுதிப்படுத்துவது?

காம்பு இலையில் எங்கே சேர்கிறது என்று பாருங்கள். வல்லாரை இலை சிறுநீரக வடிவம். ஒரு பக்கம் ஆழமான வெட்டு இருக்கும், காம்பு அந்த வெட்டின் அடியில் சேரும். இதைப் போலவே ஈரத்தில் படரும் வேறு ஒரு செடிக்கு இலை முழு வட்டமாக, தாமரை இலை போல, காம்பு நடுவில் சேர்ந்திருக்கும். அது வல்லாரை அல்ல. அழகுக்காக மீன்தொட்டியிலும் சாடியிலும் வளர்ப்பதைப் பார்த்து ஏமாந்தவர்கள் பலர்.

மண்ணை எப்படித் தயார் செய்வது?

கோப்பாய், உரும்பிராய், இணுவில் பக்கத்துச் செம்மண்ணில் இருப்பவர்களுக்கு வேலை குறைவு. ஒரு சாண் ஆழம் கொத்தி, மக்கிய மாட்டெருவைக் கலந்தால் போதும். வடமராட்சிக் கரையோர மணலில் தண்ணீர் நிற்காது. அங்கே எருவை இரட்டிப்பாக்கி, பாத்தியின் அடியில் தென்னந்தும்பு அல்லது பொச்சு மட்டையை நெருக்கமாக அடுக்கி, அதன்மேல் மண் போடுங்கள். தும்பு ஈரத்தைப் பிடித்துவைக்கும். தோட்டக்காரர் பூவரசங்குழையையும் பனையோலையையும் மண்ணில் தாழ்த்துவது எங்கள் ஊரின் பழைய வழக்கம். பாத்தி போட ஒரு மாதம் முந்தி பூவரசங்குழையைத் தாழ்த்தினால் மண் மிருதுவாகிவிடும்.

எங்கள் மண்ணிலும் நீரிலும் சுண்ணாம்பு அதிகம். இளம் இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியவில்லை என்று பொருள். யூரியா அதற்கு மருந்தல்ல, மக்கிய எருதான். யூரியாவை இந்தப் பாத்திப் பக்கமே கொண்டுபோகாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். எங்கள் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பது பல காலமாகத் தெரிந்த உண்மை. கிணற்றடியில் போட்ட உரம் கிணற்றுக்குள்தான் போகும். அதே காரணத்துக்காக எருவையும் கிணற்றுக் கட்டை ஒட்டிக் குவிக்க வேண்டாம். பாத்தியைக் கட்டில் இருந்து சில அடி தள்ளி, நீர் கிணற்றை விட்டு வெளியே ஓடும் பக்கமாகப் போடுங்கள்.

எந்த மாதத்தில் நடுவது?

தை. அடை மழை ஓய்ந்திருக்கும், மண் குளிர்ந்து ஈரமாக இருக்கும், காண்டாவனம் எனும் அக்கினி நட்சத்திர வெயில் வர நான்கு மாதம் இருக்கும். அதற்குள் கொடி ஓடி மண்ணை மூடிவிட்டால் சோளகம் எனும் தென்மேற்குக் காற்றையும் அது தாங்கும். புரட்டாதி முடிவில் நடுபவர்களும் உண்டு. மழை கனத்தால் இளம் கொடி சேற்றில் புதைந்துவிடும் என்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன். ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கணுவை மட்டும் மண்ணில் அழுத்தி, குருத்து வெளியே தெரியும்படி வையுங்கள். முதல் பத்து நாள் ஒரு கிடுகால் நிழல் கட்டினால் நல்லது.

எவ்வளவு தண்ணீர்?

விரலை மண்ணில் முதல் கணு வரை விடுங்கள். ஈரம் தெரிந்தால் வேண்டாம், தெரியாவிட்டால் ஊற்றுங்கள். வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் வீசும் நாட்களில் காலையும் மாலையும் தேவைப்படலாம். தண்ணீர் காணாத வல்லாரை மதியத்தில் குடை மடக்கியது போல இலையைத் தொங்கவிடும். மாலையில் ஊற்றினால் இரவுக்குள் நிமிரும். ஓரிரு நாள் அப்படி நடந்தால் செடி பிழைக்கும், ஆனால் இலை கைப்பாகிவிடும்.

எங்கள் கிணறு உவர். என்ன செய்வது?

தீவகத்திலும் கரையோரத்திலும் இருப்பவர்கள் கேட்பது இது. வாயில் வைத்து உவர்க்கும் தண்ணீரை நிரந்தரமாக ஊற்றினால் இலை விளிம்பு கருகும், மண்ணின் மேல் வெள்ளைப் பூப்பூக்கும். உங்களுக்குச் சாடிதான் வழி. மாரியில் கூரை நீரைத் தாங்கியில் பிடித்து மூடிவையுங்கள். அரிசி கழுவிய நீரையும் சேருங்கள், ஏனென்றால் சமையலுக்கு நல்ல தண்ணீரைத்தானே வாங்குகிறீர்கள். இரண்டு சாடிக்கு அது போதும். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்; குடிக்கும் தண்ணீரை விலைகொடுத்து வாங்கும் ஊரில் பெரிய கீரைப் பாத்தி நியாயமில்லை.

சாடியில் வளர்க்கும்போது கவனிக்க வேண்டியது?

உயரத்தைவிட அகலம் முக்கியம். உடைந்த பிளாஸ்ரிக் பேசின் ஒன்றின் அடியில் நாலு துளை போட்டால் அதைவிட நல்ல சாடி இல்லை. கொடி ஓடி விளிம்புக்கு வெளியே தொங்கினால் திருப்பி உள்ளே விட்டு, கணுவில் ஒரு சிறு கல்லை வையுங்கள், வேர் பிடிக்கும். வருடத்துக்கு ஒரு தடவை முழுவதையும் கவிழ்த்து, பழைய வேரை நீக்கி, புது மண்ணில் நடுங்கள். சாடிக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் மணலை நிரப்பிவிடுங்கள். திறந்த நீர் நின்றால் டெங்கு நுளம்பு முட்டையிடும். மாரியில் யாழ்ப்பாணத்தில் இது விளையாட்டான விடயம் அல்ல.

மாரியில் இலை அழுகிவிடுகிறதே?

காற்று உள்ளே போகாததுதான் காரணம். கார்த்திகைக்கு முதல் பாத்தியை ஒட்ட வெட்டி, நெருக்கமான கொடிகளைக் களைந்துவிடுங்கள். நீர் வடிய ஒரு பக்கம் வாய்க்கால் வெட்டுங்கள். ஈரத்தை விரும்பும் செடிதான்; ஆனால் நாட்கணக்கில் மூழ்கிக்கிடப்பது வேறு. பழுப்புப் புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி வளவுக்கு வெளியே போடுங்கள், எருக்குழிக்குள் போட வேண்டாம்.

நத்தை?

இரவில் ரோச் அடித்துப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுவதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. சாம்பல் மழையில் கரைந்துபோகும். நத்தை மருந்துக் குளிகையைப் பச்சையாக உண்ணும் கீரைக்குப் பக்கத்தில் போடாதீர்கள். நாயும் கோழியும் தின்றுவிடும்.

எப்போது, எப்படிப் பறிப்பது?

நட்டு இரண்டு மாதத்தில் முதல் தடவை எடுக்கலாம். இரண்டு விதமாகப் பறிப்பார்கள். கொடியோடு அள்ளி இழுத்தால் வேலை சுலபம், ஆனால் பாத்தியில் பள்ளம் விழும். காம்பை அடியில் பிடித்து ஒவ்வோர் இலையாகக் கிள்ளினால் நேரம் எடுக்கும், ஆனால் அதே பாத்தி வருடக்கணக்கில் தரும். என் அம்மம்மா பெருவிரல் நகத்தால் கிள்ளுவார். மாலை முழுவதும் அந்த நகத்தில் பச்சை ஒட்டியிருக்கும். முற்றிய இலையை முதலில் எடுத்து, ஐந்தில் இரண்டை விட்டுவைப்பது என் கணக்கு.

வல்லாரைச் சம்பல் கைக்காமல் செய்வது எப்படி?

காலையில் பறித்த இலையாக இருக்க வேண்டும். அது பாதி வெற்றி. மூன்று தண்ணீரில் கழுவுங்கள். கடைசித் தண்ணீரில் உப்புப் போட்டுப் பத்து நிமிடம் விட்டு, இலையின் மறுபக்கத்தையும் விரலால் தேயுங்கள். நத்தை ஊர்ந்த இலையைச் சரியாகக் கழுவாமல் பச்சையாக உண்டால் ஒட்டுண்ணி உடலுக்குள் போகலாம். பிறகு நீரை நன்றாக உதறி, துணியில் ஒற்றி எடுங்கள்.

இலையைக் கட்டாகச் சேர்த்துப் பிடித்து நூல் போல அரியுங்கள். கத்தி கூராக இருக்க வேண்டும்; மழுங்கிய கத்தி இலையை நசுக்கும், நசுங்கினால் கைப்பு வெளியே வரும். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் அதே அளவுக்குப் பொடியாக அரிந்து, உப்புச் சேர்த்துக் கையால் பிசைந்து, பிறகு தேங்காய்ப்பூவைப் போடுங்கள். இலை கடைசியில்தான் சேர வேண்டும், அதைப் பிசையக் கூடாது, விரல் நுனியால் கிளறினால் போதும். தேசிக்காய்ப் புளியைச் சோறு போட்ட பிறகு பிழிந்துகொள்ளுங்கள். முன்னரே விட்டால் இலை கறுத்துவிடும். மாசிக்கருவாடு சேர்ப்பது உங்கள் விருப்பம்; விரத நாளில் அது இல்லாமலேயே குறை தெரியாது. சிவப்பு அரிசிச் சோறும் பருப்பும் பக்கத்தில் இருக்கட்டும்.

முற்றிய இலைகளை வறைக்கும் இலைக்கஞ்சிக்கும் வையுங்கள். இலைக்கஞ்சிக்கு வல்லாரையோடு முசுட்டை, முடக்கொத்தான் என்று வேலியில் கிடைப்பதை எல்லாம் சேர்ப்பதே எங்கள் வழக்கம்.

வல்லாரை சாப்பிட்டால் ஞாபகசக்தி கூடுமா? பிள்ளைக்குப் பரீட்சை வருகிறது.

சித்த மருத்துவம் நெடுங்காலமாக அப்படிச் சொல்லிவருகிறது. மனிதர்களில் செய்த ஆய்வுகள் சிறியவை. முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. காயம் ஆறுவதற்கும் தோலுக்கும் இதன் சத்துகள் உதவுவதில் ஆதாரம் கூடுதலாக உள்ளது. அதனாலேயே களிம்புகளில் சேர்க்கிறார்கள். பிள்ளைக்குக் கிழமையில் இரண்டு நாள் சம்பலாகக் கொடுங்கள், நல்ல கீரை அது. பரீட்சைக்கு முந்திய நாள் சாறு பிழிந்து வற்புறுத்திக் குடிக்கவைப்பதைவிட, அந்தப் பிள்ளையை நேரத்தோடு நித்திரைக்கு அனுப்புவது ஞாபகசக்திக்கு நல்லது. இதை நான் மனம் வருந்திச் சொல்கிறேன். பயந்த கண்ணோடு பச்சைச் சாற்றைக் குடிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

யார் தவிர்க்க வேண்டும்?

உணவாக அளவோடு உண்பதில் பெரும்பாலானோருக்குத் தொல்லை இல்லை. குளிகையாகவும் தூளாகவும் மாதக்கணக்கில் எடுத்த சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதாக மருத்துவப் பதிவுகள் உள்ளன. ஈரல் நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், நித்திரைக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டு நடக்க வேண்டும். சித்த மருந்தாக எடுக்க விரும்பினால் கைதடி சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது. கடையில் வாங்கிய தூளை நீங்களே அளக்க வேண்டாம்.

வீதியோர வாய்க்காலில் செழிப்பாக வளர்ந்திருப்பதைப் பிடுங்கலாமா?

நடுவதற்கு எடுக்கலாம், உண்பதற்கு வேண்டாம். நிற்கும் இடத்தில் உள்ள பார உலோகங்களையும் கழிவையும் வல்லாரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அங்கிருந்து கொடி எடுத்தால், பழைய இலைகளை எறிந்துவிட்டு, உங்கள் மண்ணில் ஓடிய புதுக்கொடியில் இருந்து பறியுங்கள்.

அயலவர் கொடி கேட்கிறார்கள். தூர ஊருக்கு எப்படிக் கொடுத்துவிடுவது?

மாலையில், தண்ணீர் ஊற்றி அரை மணித்தியாலம் கழித்து, மண்கட்டியோடு ஒரு கைப்பிடி அகலத்துக்குத் தோண்டுங்கள். வாழைத்தடலை நீளமாக உரித்து, அதன் உட்பக்கம் வேரில் படும்படி சுற்றி, வாழைநாரால் கட்டுங்கள். பொலித்தீன் பைக்குள் போட்டால் பஸ் சூட்டில் அவிந்துவிடும்; தடலுக்குள் வவுனியா வரை வாடாமல் போயிருக்கிறது. போய்ச் சேர்ந்த அன்றே, பொழுது சாய்ந்த பிறகு நடச் சொல்லுங்கள். நட்ட இடத்தில் பாத்திரம் கழுவாமல், அரிசி மட்டும் கழுவி ஊற்றும்படியும் சொல்லிவிடுங்கள்.